தோட்டம் தெரிந்த நூலகர் வேண்டும்



ஒரு மாணவி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டங்களில் நம் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அவள் கேள்வி. நூலகக் கணினியில் தேடுகிறாள். வந்து விழுவதெல்லாம் 1948-இல் தொடங்கிய மலாயா அவசரகாலத்தைப் பற்றிய நூல்கள். 1948 ஜூன் 16 அன்று எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலும் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றுதான் சுங்கை சிப்புட்டே பிறந்தது என்பதுபோல் அவை பேசுகின்றன. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்றவர்கள் எங்கே? பால் வாளி சுமந்த பெண்கள் எங்கே?

இருக்கிறார்கள், ஐயா! கோயில் திருவிழா மலரில் இருக்கிறார்கள். பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறார்கள். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழின் பழைய இதழ்களில் இருக்கிறார்கள். கம்பெனிக் கடிதங்கள் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. நில அலுவலகக் கோப்புகள் மலாயில். தோட்டத்துக்கே ஆவணத்தில் ஒரு பெயர், நம்மவர் வாயில் வேறொரு பெயர். இரண்டும் ஒரே இடம்தான் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் நூலகத்தில் இருந்தால், அந்தப் பெண்ணுக்குப் பல மாத அலைச்சல் மிச்சம்.

நூலக இயலின் முன்னோடியான, சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பதை நூலகத்தின் விதியாகவே 1931-இல் எழுதி வைத்தார். வாசகர் தேடும் துறையை அறியாமல் அவருக்கான நூலை எப்படி எடுத்துக் கொடுப்பது? அடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது.

நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியலை இராம. சுப்பையா தொகுத்தார்; மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் அதை வெளியிட்டது. எந்த நூலைத் தேடிப் போக வேண்டும் என்று அறிந்த ஒருவரால்தான் அப்படித் தொகுக்க முடியும். அந்தப் பணி பேராக்கில் தொடர வேண்டும் என்பதே என் ஆசை.

தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். நம் பிள்ளைகள் தமிழ் படிக்கும் இடம். அங்கே தோட்ட வரலாற்றையே தன் துறையாகக் கொண்ட ஒரு நூலகர் வளர வேண்டும். ரப்பர் விலை ஏறி இறங்கிய கதை அவருக்குத் தெரிய வேண்டும். மங்கு, ஒட்டுப்பால், கங்காணி, கிராணி என்றால் அகராதியைப் புரட்டாமல் புரிய வேண்டும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலைப் பற்றி ஒருவர் கேட்டால், பொருளியலாளர் உங்கு அஜிஸின் ஆய்வை எடுத்துக் கொடுப்பதோடு நிற்காமல், நம் சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன், துண்டாடலுக்கு மாற்றாகத் தொழிலாளர்களே தோட்டங்களை வாங்க 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கைகளையும் தேடித் தர வேண்டும்.

இது ஒரு நாள் பயிலரங்கில் வரும் அறிவு அல்ல. நூலகருக்கு நேரம் கொடுங்கள். வகுப்பில் உட்கார விடுங்கள். தோட்டத்துக்கு அனுப்புங்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளின் வாழ்க்கையைச் சொல்லத் தெரிந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். பத்தாண்டு கழித்து அனுப்பினால் யாரிடம் கேட்பார்?

அரங்கின் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். தோட்டத்தில் பிறந்தவர்கள் உங்கள் தோட்டத்தின் இரண்டு பெயர்களையும், வீட்டில் இருக்கும் பழைய மலர்கள், சம்பளச் சீட்டுகள், படங்கள் பற்றிய குறிப்பையும் அதில் எழுதுங்கள். பல்கலைக்கழக நூலகத்தாரிடம் நாங்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவர்கள் உங்கள் வீடு தேடி வந்தால் உட்கார வைத்துப் பேசுங்கள்.