தண்டச் சீட்டும் ஒரு நாள் பெயரும்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்களுக்காக வெள்ளவத்தையில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், நமது சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை. வீட்டில் இருப்பவர்களும் வாசிக்க வேண்டும் என்று இங்கே தருகிறோம்.)



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகள் சங்கத்துக்குப் போன் எடுத்தால், மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. "மோட்டார் சைக்கிளை நிறுத்தினதுக்குத் தண்டம் எழுதி லைசனை எடுத்துட்டாங்க, இனி ஓடலாமா?" இது ஒன்று. "சீட்டு சிங்களத்தில் இருக்கு, என்ன எழுதியிருக்கு?" இது இரண்டு. "முதலாளி அந்தத் தண்டத்தைச் சம்பளத்தில் வெட்டிட்டார், கேட்கலாமா?" இது மூன்று. இந்த மூன்றுக்கும் இன்று பதில் சொல்கிறோம். பிறகு, சங்கமாக நாம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் பேசுவோம்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 2018 ஜூலை 15ஆம் திகதி முதல் 33 வகையான வீதிக் குற்றங்களுக்கு உடனடித் தண்டப்பணம் உயர்த்தப்பட்டது. அந்தப் பட்டியலில், நிறுத்தக் கூடாத இடத்தில் வாகனத்தை நிறுத்துவதற்கு 1,000 ரூபாய். நிறுத்தும்போது எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை எடுக்காவிட்டால் 2,000 ரூபாய். பொலிஸ் உத்தியோகத்தரின் சைகைக்குக் கட்டுப்படாவிட்டாலும் 2,000 ரூபாய். கார் வைத்திருப்பவருக்கு ஆயிரம் ரூபாய் ஒரு மதியச் சாப்பாட்டுக் காசாக இருக்கலாம். 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை ஊடாகத் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில், அம்மா மலையில் நின்று கொழுந்து பறித்து எடுத்த ஒரு நாள் பெயரில் முக்கால் பங்கு, மகன் காலி வீதியில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தியதற்குப் போய்விட்டது. அதனால்தான் இதைச் சின்ன விசயம் என்று நாம் விடுவதில்லை.

ஒரு தம்பிக்கு நடந்தது

பெயர் சொல்லாமல் ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். டிக்கோயாப் பக்கத்துத் தம்பி ஒருவர் வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தார். வண்டி கடையுடையது. சாமானும் கடையுடையது. "முன்னுக்கே நிப்பாட்டி இறக்குடா" என்று சொன்னவரும் முதலாளிதான். நிறுத்திய இடத்தில் தடைப் பலகை இருந்தது. இரண்டாவது பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வரும்போது பொலிஸார் நின்றார்கள். லைசன் போனது, சீட்டு வந்தது. முதலாளி, "லைசன் உன்னுடையது, தண்டமும் உன்னுடையதுதான்" என்றார்.

தம்பியின் கையில் அன்று காசு இல்லை. சம்பள நாளுக்காகக் காத்திருந்தார். 14 நாள் கடந்தது. ஆயிரம் இரண்டாயிரமானது. அதற்குள் தைப்பொங்கல் வந்தது. ஊருக்குப் போனார், கையில் இருந்ததை வீட்டில் கொடுத்தார். திரும்பி வந்தபோது 28 நாளும் கடந்துவிட்டது. விசயம் நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு நாள் வேலை போனது. லைசன் இல்லாமல் வண்டி ஓட்ட முடியாததால் கடையில் அவரை மூட்டை தூக்கும் வேலைக்கு மாற்றினார்கள், சம்பளமும் குறைந்தது. ஆயிரம் ரூபாயோடு முடிய வேண்டிய விசயம் ஒரு மாத வருமானத்தையே ஆட்டிவிட்டது.

சீட்டு கைக்கு வந்தால்

ஆகவே, முதல் கேள்விக்கான பதிலை எல்லோரும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. பொலிஸார் லைசனை எடுத்துக்கொண்டு தரும் அந்தச் சீட்டே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். அந்த நாட்களுக்குள் வண்டி ஓடலாம். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டு வியர்வையில் கரைய விடாதீர்கள். கையில் கிடைத்த உடனேயே போனில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள்.

இரண்டு. 14 நாட்களுக்குள் தபாற்கந்தோரில் தண்டப்பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டை வாங்கி, சீட்டு எழுதிய பொலிஸ் நிலையத்தில் காட்டி லைசனைத் திரும்பப் பெறலாம். சீட்டில் எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதியிருக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். வெள்ளவத்தையில் வேலை செய்கிறவருக்குக் கொட்டாஞ்சேனையில் சீட்டு எழுதப்பட்டிருக்கலாம்.

மூன்று. 14 நாள் கடந்தால் இரட்டிப்புத் தொகை. அதை 28 நாட்களுக்குள் கட்ட வேண்டும். அதுவும் கடந்தால் நீதிமன்றம். காசு இல்லையென்றால் முதல் வாரத்திலேயே சங்கத்துக்குச் சொல்லுங்கள். ஐந்து பேர் சேர்ந்து இருநூறு ரூபாய் போட்டால் ஆயிரம். ஒரே அறையில் வாடகைக்கு இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது முடியாத காரியமா?

நான்கு. குற்றம் செய்யவில்லை என்று உறுதியாக நம்பினால் தண்டத்தைக் கட்டத்தான் வேண்டும் என்றில்லை. நீதிமன்றத்தில் வாதாடலாம். தடைப் பலகை இருக்கிறதா, மரக்கிளை மறைத்திருக்கிறதா, வண்டி எங்கே நின்றது என்று அந்த இடத்திலேயே படம் எடுத்து வையுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது அது. ஆனால் பிழை நம்முடையது என்று தெரிந்தால் வழக்குக்குப் போய் நாளை இழக்காதீர்கள்.

ஐந்து. சீட்டு எழுதாமல் "ஏதாவது பார்த்துக் கொடு" என்று யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். நீங்களாகவும் நீட்டாதீர்கள். இலஞ்சம் வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

இன்னொன்று. காலி வீதியோரம் சிறு சீட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்குக்குக் காசு கேட்பவர் பொலிஸ் அல்ல. அது மாநகர சபையின் வீதியோரத் தரிப்பிடக் கட்டணம். அந்த வசூலைத் தனியாரிடமும் கொடுத்திருந்தார்கள். கட்டணம் வேறு, தண்டம் வேறு. கட்டணத்துக்குச் சீட்டு கேட்டு வாங்குங்கள். கடை வேலைக்குப் போய்க் கட்டியிருந்தால் அன்றே கடைக் கணக்கில் எழுத வையுங்கள்.

லைசனே இல்லாமல் நண்பரின் வண்டியை எடுத்து ஓடும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. அதற்கான தண்டம் 25,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. அந்த 1,350 ரூபாய்க் கணக்கில், தோட்டத்தில் பதினெட்டு நாள் பெயருக்கும் மேல். விபத்து என்று வந்தால் காப்புறுதியும் கைவிடும். அந்த விளையாட்டு வேண்டாம்.

எந்த மொழியில்?

இரண்டாவது கேள்வி மொழி. 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. 1988இல் வந்த 16ஆம் திருத்தம், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் நமக்குள்ள உரிமையை விரிவாக எழுதிவைத்திருக்கிறது. அந்த உரிமையைக் கண்காணிக்க 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெருவில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறார்கள். அங்கேயே கையால் எழுதும் சீட்டு சிங்களத்தில் மட்டும் வருவது வழக்கமாகிப்போய்விட்டது.

அதற்காக நடுத்தெருவில் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. மரியாதையாகக் கேளுங்கள். "சேர், எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. என்ன குற்றம், எவ்வளவு, எந்தத் திகதிக்குள் என்று சொல்லுங்க." சொல்வதை அங்கேயே சீட்டின் படத்தோடு குரலாகவோ எழுத்தாகவோ பதிந்துகொள்ளுங்கள். விளங்காத வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "வாஹன நெவெத்வீம தஹனம்" என்று சிங்களத்தில் பலகையில் எழுதியிருந்தால், அங்கே வாகனம் நிறுத்தத் தடை என்று அர்த்தம். இதைப் போலப் பத்துச் சொற்களைப் படித்து வைத்தாலே பாதிச் சீட்டுகள் வராது. நம் பாடசாலைகளில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கும் பிள்ளைகளிடம் நாம் சொல்வதும் இதுதான்: பரீட்சைக்கு மட்டும் அல்ல, தெருவுக்கும் படியுங்கள்.

யார் கட்ட வேண்டும்?

மூன்றாவது கேள்விதான் தொழிற்சங்கத்தின் கேள்வி.

இலண்டனில் வாகனத்தைத் தவறான இடத்தில் நிறுத்தினால், தண்டம் பதிவில் இருக்கும் வாகனக்காரரின் பெயருக்குப் போகிறது. லைசனை யாரும் எடுப்பதில்லை. 14 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகை. சென்னையில் இ-சலான் வந்தாலும் வாகனப் பதிவுப் பெயருக்கே போகிறது. நம் நாட்டில் வண்டியில் இருப்பவரின் கையிலிருந்து லைசன் போகிறது. நாள் கடந்தால் தொகை இரட்டிக்கிறது. வண்டியும் முதலாளியுடையது, கட்டளையும் முதலாளியுடையது என்றாலும், பாரம் ஓடுகிறவர் தலையில்.

நம் பாட்டன்மார் காலத்தில் ஒரு துண்டு இருந்தது. கடனைக் கட்டி முடித்தால்தான் துண்டு கிடைக்கும். துண்டு இல்லாவிட்டால் அடுத்த தோட்டத்தில் வேலை கிடைக்காது. பிழைப்புக்குத் தேவையான தாள் மற்றவர் கையில் இருந்தது. போராடியும் பேசியும் 1921இல் அந்த முறை ஒழிந்தது. தண்டச் சீட்டைத் துண்டு என்று சொல்லவில்லை. வீதிச் சட்டம் எல்லோருடைய உயிருக்கும் தேவை. ஆனால் பிழைப்புக்கான தாள் மற்றவர் மேசை லாச்சிக்குள் கிடக்கும்போது தொழிலாளி எவ்வளவு பலவீனமாகிறார் என்பது நமக்குப் பரம்பரையாகத் தெரியும்.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சம்பளத்தில் முதலாளி நினைத்தபடி வெட்டுவதற்கு இடம் கொடுக்கவில்லை. "தண்டம்" என்று சம்பளத் தாளில் ஒரு வரி எழுதி ஆயிரம் ரூபாயைக் கழித்திருந்தால், அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். சம்பளத் தாளே தராமல் கையில் காசு தருகிறார்கள் என்றால், எந்த மாதம் எவ்வளவு தந்தார்கள் என்று நீங்களே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டையும் கொண்டு வந்தால் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதச் சங்கம் கூடவே வரும். தனியாக முதலாளியோடு மோதி வேலையை இழக்க வேண்டாம்.

நாம் கேட்க வேண்டியவை

2025 பெப்ரவரியில் அரசாங்கம் கவ்பே என்ற இணையக் கொடுப்பனவு முறையைத் தொடங்கியது. அதன் வழியாகப் போனிலேயே தண்டம் கட்டி, நின்ற இடத்திலேயே லைசனைத் திரும்பப் பெறும் வசதியும் படிப்படியாக வந்தது. நல்ல விசயம். ஆனால் சம்பளத்தைக் கையில் வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டு நிற்கும் பிள்ளைக்கு அந்த வசதி எட்டாது. வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் இந்த மாதமே ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். சம்பளத்தை வங்கியில் போடும்படி கேட்பதும் நமது கோரிக்கைதான். அது ஒரே நேரத்தில் சம்பளத்துக்கும் சாட்சியாகிறது.

2023 மார்ச் முதல் கொழும்பு மாநகர சபை உறுப்பினர்கள் இல்லாமல் ஆணையாளரின் கீழ் இருந்தது. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகு மறுபடி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளவத்தைச் சந்தைப் பக்கத்திலும், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கத்திலும், செவ்வாய்க்கிழமைகளில் சனம் நிரம்பும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைச் சுற்றியும், சாமான் ஏற்றி இறக்க மோட்டார் சைக்கிளுக்கு என்று கோடு போட்ட இடம் வேண்டும். தடைப் பலகைகள் மூன்று மொழியிலும், மறையாமலும் இருக்க வேண்டும். நிறுத்த ஓர் இடத்தைக் காட்டிவிட்டு மற்ற இடத்தில் தண்டம் எழுதினால் யாருக்கும் மனக்குறை இராது.

முதலாளிமாரிடம் நாம் கேட்பது ஒரே ஒரு வரி: கடை வேலைக்காக, கடை சொன்ன இடத்தில் நிறுத்தி வந்த தண்டத்தைக் கடை கட்ட வேண்டும். வேகமாக ஓடினால், தலைக்கவசம் போடாவிட்டால், அது நம்முடைய பிழை; அதை நாம் கட்டுவோம். இந்தப் பிரிவினையில் நியாயம் இருப்பதால்தான் தைரியமாகக் கேட்கிறோம்.

வீட்டில் இருக்கும் தாய் தகப்பன்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை இந்த மாதம் காசு குறைவாக அனுப்பினால் உடனே ஏசாதீர்கள். "தண்டம் கிண்டம் ஏதும் வந்துச்சா தம்பி?" என்று கேளுங்கள். வெட்கத்தில் மறைக்கிற பிள்ளைக்குத்தான் 14 நாள் 28 நாளாகிறது.

இன்று வீடு திரும்பும் முன் இரண்டு காரியம் செய்வோம். இப்போது யாரிடமாவது கட்டாத சீட்டு இருந்தால், மேசைக்கு வந்து திகதியைப் பதிந்துவிட்டுப் போகட்டும். கெடு முடிவதற்கு மூன்று நாளுக்கு முன்பு சங்கம் போன் எடுக்கும். தண்டத்துக்காகச் சம்பளம் வெட்டப்பட்டவர்கள் தனித் தாளில் மாதத்தையும் தொகையையும் எழுதித் தரட்டும். பத்துப் பேரின் தாள் சேர்ந்தால் அது பத்துப் பேரின் முறைப்பாடு அல்ல, ஒரு சங்கத்தின் கோரிக்கை.