காசோலைக்கு முன் ஒரு ரசீது

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு தீர்மானத்தைத் தள்ளிவைத்தோம், நினைவிருக்கும். ஆண்டு விழாவையொட்டி வருடாவருடம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு மதியச் சாப்பாடும் 25,000 ரூபாய் காசோலையும் கொடுத்துவருகிறோம். இந்த வருடம் கையெழுத்துப் போடும் நேரத்தில் பொருளாளர் ஒரு கேள்வி கேட்டார்: "இந்த இல்லத்துக்குச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா?" யாருக்கும் பதில் தெரியவில்லை. "நீங்கள்தான் ரிட்டயர்டு, பேங்க்கில் வேறு இருந்தவர், பார்த்துச் சொல்லுங்கள்" என்று வேலையை என் தலையில் கட்டினீர்கள். பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

இல்லத்தில் கேட்டதுமே ஒரு கோப்பைக் கொடுத்தார்கள். அறக்கட்டளைப் பத்திரம், பான் அட்டை, 80ஜி சான்றிதழ், ஆடிட் செய்த வரவு செலவு, எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் கவனித்துப் பார்த்தால் அத்தனையும் பணத்தைப் பற்றிய தாள்கள். ஒரு டிரஸ்ட் பணம் வாங்கலாம் என்பதற்கு அவை சாட்சி. பெற்றவர் பக்கத்தில் இல்லாத குழந்தையை ராத்திரி தங்கவைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அவை சாட்சி ஆகாது. அதற்கு வேறு தாள் வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம், 2015, பிரிவு 41-இன் கீழ் பதிவுச் சான்றிதழ். அரசு மானியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் அதை வாங்கியாக வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் பிரிவு 42-இன்படி ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

"அந்தச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டேன். ஒரு ரசீதைக் காட்டினார்கள். விண்ணப்பித்ததற்கான ரசீது, முத்திரையெல்லாம் சரியாக இருந்தது. தேதியைப் பார்த்தேன். பதினாலு மாதம் பழையது.

இந்த ரசீதுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பு உண்டு. விண்ணப்பம் வந்த ஒரு மாதத்துக்குள் அரசு தற்காலிகப் பதிவு கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அந்த ரசீதையே தற்காலிகப் பதிவாக எடுத்துக்கொள்ளலாம், அதிகபட்சம் ஆறு மாதத்துக்கு. முதலில் படித்தபோது நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன், அதிகாரி தாமதித்தால் இல்லம் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று. இரண்டாம் முறை படித்தபோது வயிற்றைக் கலக்கியது. அதிகாரி தாமதித்தால், யாரும் உள்ளே போய்ப் பார்க்காத ஒரு இல்லமும் ஆறு மாதம் சட்டப்படி நடக்கலாம் என்றுதானே இதற்கு இன்னொரு அர்த்தம்?

சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அடுத்த வரியிலேயே, ஆறு மாதத்துக்குள் விண்ணப்பத்தை முடிக்காத அதிகாரி கடமை தவறியவராக அவருடைய மேலதிகாரியால் கருதப்பட வேண்டும், துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நான் பார்த்த சட்டங்களில் மக்களுக்குத் தண்டனை சொல்லும் பிரிவுகள் ஏராளம். கோப்பை நகர்த்தாத அதிகாரியை இப்படி நேராகக் குறிப்பிடும் வரி அபூர்வம்.

சரி, கோப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்க மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குப் போனேன். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தலைவர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர். அவருக்குக் கீழே சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர் என்று ஒரு பணியிடம் உண்டு. சட்டம் படித்தவர்தான் வரமுடியும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் வேலை. நான் பார்த்தவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். காலையில் குழந்தைகள் நலக் குழுவின் அமர்வு, பிறகு நீதிமன்றம், சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கடிதம், சாயங்காலம் ஒரு குழந்தையின் வீட்டு நிலைமை பற்றிய அறிக்கை. இவ்வளவுக்கும் நடுவே அவர் எழுந்துபோய் நம் இல்லத்தின் கோப்பைத் தேடி எடுத்துவந்தார்.

ஆய்வுக் குழு போய்ப் பார்த்திருக்கிறது. கட்டட உறுதிச் சான்றின் நகல் இல்லை என்று விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் வரவில்லை என்று இல்லம் சொல்கிறது. பதில் வரவில்லை என்று கோப்பில் குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்புக்கும் நான் போன நாளுக்கும் நடுவில் எட்டு மாதம், ஒரு கையெழுத்துக்கூட இல்லை. யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. கோப்பு சும்மா தூங்கியிருக்கிறது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். வங்கியில் காலாவதிப் பதிவேடு என்று ஒன்று வைத்திருப்போம். கடன் பத்திரம் எழுதி மூன்று வருடத்துக்குள், "ஆமாம், இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று கடன்காரரிடம் எழுதி வாங்கவேண்டும். தவறினால் வழக்குப் போடும் உரிமை போய்விடும். எந்தக் கணக்குக்கு எந்தத் தேதி என்று அந்தப் பதிவேட்டில் இருக்கும். அதை எழுதுவது என் வேலை. ஒரு கணக்கை நான் பதினொரு நாள் தவறவிட்டேன். விசாரணை வந்தது, எனக்கு மெமோ கொடுத்தார்கள். தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேலாளர் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு திங்களாவது பக்கத்தைப் படித்திருந்தால் மீதி இரண்டு வாரத்தில் நான் ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கியிருப்பேன். மேற்பார்வை என்றால் கீழே இருப்பவரைக் கூப்பிட்டுத் திட்டுவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். தேதி வருவதற்கு முன்னால் பக்கத்தைத் திறந்து பார்ப்பதுதான் அது.

குழந்தைகள் சட்டத்தைப் படித்தால் அது முழுக்கத் தேதிகள். தனியாக விடப்பட்ட குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் தகவல். குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்ப்படுத்த, பயண நேரம் போக, 24 மணி நேரம். குடும்ப நிலைமை பற்றிய விசாரணை அறிக்கைக்கு 15 நாள். இறுதி உத்தரவுக்கு நாலு மாதம். இல்லங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்யவேண்டும், போகும் குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்கவேண்டும். என் காலாவதித் தேதி தவறியபோது வங்கிக்குச் சில ஆயிரம் போயிற்று. 15 நாள் அறிக்கை எட்டு மாதம் ஆனால், பாட்டி வீட்டுக்குப் போயிருக்கவேண்டிய ஒரு பிள்ளை எட்டு மாதம் இல்லத்தின் பாயில் படுத்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு யார் மேல் வழக்குப் போடத் தெரியும்?

அப்படியானால் அந்தச் சட்ட அலுவலரின் பக்கத்தைத் திறந்து பார்ப்பது யார்? தினமும் பார்க்கவேண்டியவர் அலகின் அலுவலர். அவருக்கு மேலே மாவட்ட ஆட்சியர். குழந்தைகள் நலக் குழுவின் செயல்பாட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியர் ஆய்வு செய்யவேண்டும். அந்தக் குழுவைப் பற்றிக் குறை இருந்தால் குழந்தையோ, குழந்தையோடு தொடர்புள்ள எவருமோ ஆட்சியரிடமே மனு கொடுக்கலாம். 2021-இல் செய்த திருத்தம் 2022 செப்டம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தபிறகு தத்து உத்தரவும் நீதிமன்றத்திலிருந்து ஆட்சியரிடம் வந்துவிட்டது. பட்டா, வெள்ளம், தேர்தல், ரேஷன் என்று எல்லாம் பார்க்கும் ஒருவர் மேஜைக்கு இதுவும் போகிறது. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு முகவரி இருக்கிறது என்பது நல்லதுதான்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்தில் போய் உதாரணம் தேடவேண்டாம். மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாக ஒரு பத்திரிகையில் கட்டுரை வந்தது. அதை வைத்து ஒருவர் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் 2007-இல் வழக்காக எடுத்துக்கொண்டது. வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாடு என்ற பெயர் இருக்கிறது. தீர்ப்பு வந்தது 2017 மே மாதம். நாடு முழுவதும் குழந்தைகள் இல்லங்களின் பதிவை அந்த வருடம் டிசம்பர் 31-க்குள் முடிக்கவேண்டும் என்று அதில் உத்தரவிட்டார்கள். சட்டமே ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கச் சொல்லியிருந்த பதிவு அது! கடிதத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் பத்து வருடம். அன்றைக்கு எட்டு வயதாக இருந்த குழந்தைக்குத் தீர்ப்பு நாளில் பதினெட்டு.

நடுவில் ஒன்று, நாமே செய்த தப்பு. போன வருடம் நம் செய்திமடலில் அந்த இல்லத்துப் பிள்ளைகளோடு கேக் வெட்டும் படம் போட்டோம். வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. இப்படிப்பட்ட குழந்தைகளை அடையாளம் காட்டும் படமோ பெயரோ வெளியிடக்கூடாது என்கிறது பிரிவு 74. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூட உண்டு. நல்ல மனதோடுதான் போட்டோம். ஆனால் அந்தப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கும் எவனோ ஒருவன் கண்ணிலும் அது படலாம் இல்லையா? செயலாளர் அந்தப் படத்தை நீக்கிவிட்டார். உங்கள் போனில் இருந்தால் நீங்களும் அழித்துவிடுங்கள்.

இரண்டாவது பிளாக்கிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்கள்: "சாப்பாடு போடுவதைவிட ஒரு பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்கலாமா?" வளர்க்கலாம். அதற்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர், பிரிவு 44. இது தத்து இல்லை. குழந்தை சட்டப்படி உங்கள் வாரிசு ஆகாது. சொந்தக் குடும்பம் சரியானால் திரும்பிப் போகலாம். அந்த நாளுக்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் இறங்கவேண்டும். 2024-இல் வந்த மாதிரி வழிகாட்டு நெறிகளின்படி 35 முதல் 60 வயது வரை உள்ள தனி நபரும், கணவனை இழந்தவர், விவாகரத்தானவர் உட்பட, விண்ணப்பிக்கலாம். தனியாக இருக்கும் ஆணுக்கு ஆண் குழந்தை மட்டும்தான். பெரும்பாலும் ஆறு வயது தாண்டிய, இல்லத்துக்கு யாரும் வந்து பார்க்காத பிள்ளைகள். இரண்டு வருடம் நன்றாகப் போனால் அதே குழந்தையைத் தத்தெடுக்கவும் வழி இருக்கிறது, முன்பு அது ஐந்து வருடமாக இருந்தது. திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. குழந்தைகள் நலக் குழு மாதாமாதம் வந்து பார்க்கவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பார்க்க வந்தால் கோபப்படாதீர்கள். வராவிட்டால்தான் கேட்கவேண்டும். குழுவின் உத்தரவு சரியில்லை என்று தோன்றினால் 30 நாளுக்குள், இந்த விஷயத்தில், ஆட்சியரிடம் மேல்முறையீடு. மற்ற உத்தரவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் குழந்தைகள் நீதிமன்றம்.

இனி நம் தீர்மானம். "குழந்தைகள் சாப்பாட்டில் போய்க் கைவைக்கலாமா சார்?" என்று லிஃப்டில் ஒருவர் என்னை மடக்கினார். கைவைக்கவில்லை. சாப்பாடு இந்த வருடமும் போகிறது. காசோலையை மட்டும் நிறுத்தியிருக்கிறோம். இல்லத்துக்காரரிடம் உறுதிச் சான்றின் நகலை வாங்கி, நானும் கூடப்போய்க் கொடுத்துவிட்டு, உள்வரவு எண் வாங்கிவந்தேன். சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ஆட்சியருக்கு ஒரு மனுவும் கொடுத்தோம். அதில் அந்தச் சட்ட அலுவலரைப் பற்றிக் குறையாக ஒரு வரிகூட இல்லை. பதினாலு மாதம் ஆன கோப்பு இது, ஆறு மாதம் என்று பிரிவு 41 சொல்கிறது, யார் பார்க்கிறார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறோம். திரும்பி வரும்போது அந்த அலுவலர் வராந்தாவில் நின்று, "மற்ற இல்லங்களுக்கும் இப்படி யாராவது வந்து கேட்டால் எனக்கும் மேலே சொல்ல வசதியாக இருக்கும் சார்" என்றார்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி மறுபடி போகிறேன். யாராவது கூட வர முடிந்தால் காலை எட்டரைக்குக் கேட்டில் இருங்கள், என் காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.