காரணத்தை எழுதிக் கொடு

(கிளென்மார்கனில் தோட்டத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுறவன்னு கூப்பிட்டுட்டு வங்கியைப் பத்திப் பேசச் சொல்லியிருக்கீங்க. சரி, பகல் முழுக்க கவுண்டர்ல உக்காந்து சலான் பார்க்கிற குமாஸ்தாவாகவே பேசுறேன். கிரெடிட் கார்டு, வீட்டுக் கடன் தொடர்பாக வங்கிகள் மேல் வந்த சில வழக்குகளைச் சொல்றேன். அந்த வழக்குகளில் நம்ம சனம் எங்கே நிற்குது என்பதுதான் என் கேள்வி.

கடன் என்பது பணம் மட்டுமல்ல, எழுத்தும்கூட. இந்த மலையில் உள்ள குடும்பங்களில் பல, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவை. அவங்க பாட்டன் காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா, அவன் கடன் இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். எழுதினவன் ஒருத்தன், சுமந்தவன் இன்னொருத்தன். சுமந்தவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. துண்டு ஒழிஞ்சுது, அந்த உறவு ஒழிஞ்சுதா?

முதலில் கிரெடிட் கார்டு. தவணை தவறியவர்களிடம் ஆண்டுக்கு 36 முதல் 49 சதவீதம் வரை வட்டி வாங்குகிறார்கள் என்று ‘அவாஸ்’ என்ற அமைப்பு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008இல் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. எச்.எஸ்.பி.சி., சிட்டி வங்கி உள்ளிட்ட வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நிபந்தனைகளை முன்கூட்டியே சொல்லித்தான் கார்டு கொடுத்தார்கள், ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்பது நீதிமன்றத்தின் வாதம். சொன்னார்கள், சரி. எந்த மொழியில், எத்தனை பொடி எழுத்தில்? கையெழுத்துப் போடும்போது அதை யார் வாசிச்சுக் காட்டினாங்க?

அடுத்து வசூல். ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கும் பிரகாஷ் கௌருக்கும் நடந்த வழக்கில், வண்டிக் கடனை அடியாள் வச்சு வசூலிக்கக் கூடாது, சட்ட வழியில்தான் போகணும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கி வசூல் முகவர்களுக்கு விதிகள் போட்டது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டுக் கூப்பிடக் கூடாது என்று 2022இல் மறுபடியும் எச்சரித்தது. வழக்கு ஒரு வண்டிக்காக வந்தது, விதி எல்லாருக்கும் கிடைத்தது. வழக்குப் போடுவதன் பலன் அதுதான்.

வீட்டு அடமானத்துக்கு 2002இல் வந்த சர்ஃபாசி சட்டம் இருக்கிறது. கடன் நின்றுபோனால் வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றம் போகாமலே வீட்டை எடுக்கலாம். கடன்காரர் தீர்ப்பாயம் போகணும்னா பாக்கியில் 75 சதவீதத்தை முன்னாடியே கட்டணும் என்று முதலில் இருந்தது. இருக்கிறவனுக்குத்தான் நீதி என்றுதானே அதற்கு அர்த்தம்! மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அடித்தது. இன்று நோட்டீசுக்கு நீங்கள் ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தரணும். வீட்டை எடுக்க வந்தால் 45 நாளுக்குள் தீர்ப்பாயம் போகலாம். நீலகிரிக்காரர் அதற்குக் கோயம்புத்தூருக்கு இறங்கணும். 1 லட்சத்துக்கு மேற்படாத கடனுக்கும் விவசாய நிலத்துக்கும் இந்தச் சட்டம் செல்லாது. இதெல்லாம் மனப்பாடமா இருக்கட்டும்.

ஆனா தோழர்களே, அடமான வழக்கு நடக்கணும்னா அடமானம் வைக்க ஒரு வீடு வேணும். லைன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ரிட்டயர் ஆனா காலி பண்ணணும். பட்டா இல்லாதவனுக்கு வீட்டுக் கடன் இல்லை. அவனுக்கு நகைக் கடனும் வாரத் தவணைக் குழுக் கடனும்தான். அதுக்கு வட்டி கூட. சொத்து உள்ளவனுக்குக் குறைந்த வட்டி, இல்லாதவனுக்கு அதிக வட்டி. இதை ‘அபாயத்துக்கு ஏற்ற விலை’ என்கிறார்கள். நிலத்தை ஆயிரம் வருஷம் நம்மகிட்ட வராம பார்த்துக்கிட்டவங்க, நிலம் இல்லாததை இப்போ அபாயம்னு சொல்றாங்க.

இதே கதை அமெரிக்காவில் கோர்ட்டுக்குப் போனது. பால்டிமோர் நகரம் 2008இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி மேல் வழக்குப் போட்டது. கறுப்பர் குடியிருப்புகளைக் குறிவைத்து மோசமான அடமானக் கடன்களைத் தள்ளியது என்பது குற்றச்சாட்டு. அந்த வங்கியில் முன்பு வேலை பார்த்த இரண்டு பேர் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்கள். அந்தக் கடன்களை ஊழியர்கள் ‘கெட்டோ லோன்’ என்று பேசிக்கொண்டதாக அதில் இருக்கிறது. நம்ம பாஷையில் சேரிக் கடன். வங்கி மறுத்தது. 2012இல் அமெரிக்க நீதித்துறையோடு 17.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2004 முதல் 2009 வரை 34,000 கறுப்பு, ஹிஸ்பானிக் கடன்காரர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்பது அரசின் கணக்கு. தப்பு செய்ததாக வங்கி ஒப்புக்கொள்ளவில்லை. அதே வங்கியில் விற்பனை இலக்கு நெருக்கியதால், வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகளும் கிரெடிட் கார்டுகளும் திறந்த விவகாரம் 2016இல் வெடித்தது. அபராதம் 18.5 கோடி டாலர். வேலை போனது சுமார் 5,300 ஊழியருக்கு. இலக்கு வச்சவன் மேலே, மாட்டினவன் கீழே.

அங்கே பாகுபாட்டை எப்படி நிரூபித்தார்கள்? வீட்டுக் கடன் கேட்டவர் என்ன இனம், கிடைத்ததா இல்லையா என்று வங்கிகள் எழுதி வெளியிடணும்னு அங்கே சட்டம் இருக்கு. கணக்கு வெளியே இருந்தது, அதனால் கேள்வி கேட்க முடிந்தது. இங்கே சாதிவாரியாக யாருக்கு வீட்டுக் கடன் மறுக்கப்பட்டது, யாருக்கு என்ன வட்டி என்று விண்ணப்பம் விண்ணப்பமாக ஊருக்குக் காட்டச் சொல்லும் சட்டம் கிடையாது. இங்கே சாதி எல்லா இடத்திலும் தெரியுது. வங்கிப் பேரேட்டில் மட்டும் ஒளிஞ்சுக்குது.

ஆனாலும் ஒரு பிடி இருக்கு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான கடன் பற்றி ரிசர்வ் வங்கி ஆண்டாண்டாக வெளியிட்டுவந்த சுற்றறிக்கையைப் படியுங்கள். அவர்கள் விண்ணப்பத்தைக் கிளை மட்டத்திலேயே நிராகரிக்கக் கூடாது, அடுத்த மேல் மட்டத்தில்தான் முடிவெடுக்கணும், நிராகரித்த காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிடணும் என்று அதில் இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்குது? ‘உங்களுக்கெல்லாம் கிடைக்காதும்மா’ என்று வாயாலேயே திருப்பி அனுப்புகிறார்கள். விண்ணப்பமே வாங்காவிட்டால் நிராகரிப்பு ஏது, காரணம் ஏது? வாய்ப்பேச்சு கோர்ட்டில் நிற்காது.

அதனால மாணவர்கள் இதைச் செய்யணும். கடன் கேட்டுப் போகிறவர் கூட ஒருத்தர் போங்க. விண்ணப்பத்தைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்க. இல்லைன்னு சொன்னா, சண்டை போடாம, ‘காரணத்தை எழுதிக் கொடுங்க’ன்னு கேளுங்க. அரசு வங்கி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. பத்து தோட்டம், நூறு சீட்டு சேர்ந்தால் அதுவே நம்ம கணக்குப் புத்தகம். வழக்கு அதுக்கப்புறம் வரும்.

கவுண்டருக்கு உள்ளே இருக்கிற நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. இடஒதுக்கீட்டில் அந்த நாற்காலிக்கு வந்தோம். பால்டிமோரில் வாக்குமூலம் கொடுத்தவர்களும் வங்கிக்கு உள்ளே இருந்தவர்கள்தான். நம்ம அம்மாவை ஒத்த ஒருத்தி வந்து நின்னா, அவ விண்ணப்பத்தை வாங்கி, தேதி போட்டு முத்திரை குத்துங்க. அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். அது நம்ம வேலை.