மந்திரச் சட்டத்தை எழுதியவர் யார்?



சிகாகோவில் ஃபீல்டு அருங்காட்சியகம் என்று ஒன்று உண்டு. அங்கே 'சூ' என்று பெயரிடப்பட்ட டைரனோசரஸ் எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. இது உண்மை. ஜிம் புட்சர் எழுதும் 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' நாவல் வரிசையில், 2005-இல் வந்த 'டெட் பீட்' நாவலில், ஹாரி டிரெஸ்டன் என்ற மந்திரவாதி அந்த எலும்புக்கூட்டை உயிர்ப்பித்து, அதன் முதுகில் ஏறிச் சண்டைக்குப் போகிறான். இது கதை.

அந்தக் கதை உலகில் செத்தவரை எழுப்பினால் தலை போகும். ஆனால் சட்டம் மனிதருக்கு மட்டும்தான் காவல். டைனோசர் மனிதரில்லை, ஆகவே குற்றமும் இல்லை. இது சரியா என்று இந்தத் தொடரின் ரசிகர்கள் வருடக்கணக்காக விவாதிக்கிறார்கள். வேலையற்ற பேச்சு என்று சிலர் சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன். நல்ல சட்டக் கல்லூரி வகுப்பில் நடக்க வேண்டிய விவாதம் அங்கே நடக்கிறது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மந்திரவாதிகளை ஆள்வது 'வெள்ளை மன்றம்'. அதன் சட்டங்கள் ஏழு. மந்திரத்தால் கொல்லாதே, பிறரை உருமாற்றாதே, பிறர் மனத்துக்குள் நுழையாதே, மனத்தை அடிமையாக்காதே, செத்தவரை எழுப்பாதே, காலத்தின் ஓட்டத்தை எதிர்த்துப் போகாதே, உலகின் வெளிவாசலுக்கு அப்பால் இருப்பவற்றைத் தேடாதே. மீறினால் பெரும்பாலும் மரண தண்டனை. சட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

விவாதத்தில் ஒரு தரப்பு சொல்வது இது. இவை யாரோ எழுதிய விதிகள் அல்ல, இயற்கையின் விதிகள். மந்திரம் பலிக்க வேண்டுமானால் செய்கிறவர் அதை முழுமனதோடு நம்ப வேண்டும். கொல்வது சரி என்று நம்பிக் கொன்றவரின் மனம் அப்போதே திரிந்துவிடுகிறது. அடுத்த கொலை இன்னும் எளிதாகிவிடுகிறது. மன்றம் செய்வது வெறும் நோய்த்தடுப்பு.

வலுவான வாதம்தான். ஆனால் மன்றத்தின் காவலர்கள் தலையை வெட்டுவது வாளால். வாளால் கொன்றால் முதல் சட்டம் மீறப்படுவதில்லை. மன்றத்திலேயே 'பிளாக்ஸ்டாஃப்' என்று ஒரு பதவியும் உண்டு. அதில் இருப்பவர் ஏழு சட்டங்களையும் மீறலாம். அது மறைத்து வைக்கப்பட்ட பதவி. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளை இழுத்து எதிரியின் கோட்டைமேல் போட்டவர் அவர்தான். இயற்கை விதி என்றால் அதற்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் ஒரு சபைக்கு எப்படி வந்தது? புவியீர்ப்பிலிருந்து விலக்கு தரும் அரசாணையை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

2006-இல் வந்த 'புரூவன் கில்ட்டி' நாவலை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே ஒரு கொரியச் சிறுவனின் தலை துண்டிக்கப்படுகிறது. பிறர் மனங்களை அடிமையாக்கியவன். அவன் செய்தது கொடியதுதான். ஆனால் தன்னைச் சுற்றி என்ன பேசுகிறார்கள் என்பதுகூட அவனுக்குப் புரியவில்லை. மன்றத்தின் அலுவல் மொழியோ இலத்தீன். அவனுக்காகப் பேச ஒருவரும் இல்லை.

அதே நாவலில் மோலி என்ற பெண். போதைப் பழக்கத்திலிருந்து நண்பர்களை மீட்பதாக நினைத்து அவர்கள் மனத்தில் கைவைக்கிறாள். அவள் தப்பிக்கிறாள். பொறுப்பேற்க டிரெஸ்டன் முன்வருகிறான். மன்றத்தின் ஆட்களை அவளுடைய அப்பா ஆபத்திலிருந்து காப்பாற்றியிருந்தார். அந்த நன்றிக்கடன் வாக்காகத் திரும்புகிறது. டிரெஸ்டனும் பதின்வயதில் தன் ஆசானை மந்திரத்தால் கொன்றவன். ஒரு மூத்தவர் ஏற்றுக்கொண்டதால் பிழைத்தவன். பின்னால் பார்த்தால் அந்த மூத்தவர்தான் பிளாக்ஸ்டாஃப்!

இரண்டு குற்றங்களும் ஒரே எடை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மோலி பிழைத்தது குற்றம் சிறியது என்பதால் அல்ல, ஆள் இருந்ததால். மனம் திரிந்தவர் திருந்தவே மாட்டார் என்பது இயற்கை விதி என்றால், டிரெஸ்டனும் மோலியும் எப்படித் திருந்தினார்கள்? கற்றுக்கொடுக்க ஆள் கிடைத்தது, திருந்தினார்கள். கற்றுக்கொடுக்க ஆளில்லாத குறைக்குத்தான் அந்தச் சிறுவன் தலையைக் கொடுத்தான். அந்தக் குறை மன்றத்தினுடையது.

அம்பேத்கர் 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச முடியாமல் போன 'சாதி ஒழிப்பு' உரையில் விதி வேறு, கோட்பாடு வேறு என்று பிரித்துக் காட்டுவார். இதைச் செய், இதைச் செய்யாதே என்பது விதி. ஒரு செயலை எடைபோட நம் கையில் தரப்படும் அளவுகோல் கோட்பாடு. விதிகளின் மூட்டையையே அறம் என்று நம்பவைத்து, அது மாறாதது, மனிதர் கை படாதது என்று சொல்லும் சமூகத்தைத்தான் அவர் கேள்வி கேட்டார். அந்தச் சமூகத்தில் வாழ்கிற நமக்கு இந்த மந்திரக் கதை அந்நியமாக இருக்க முடியாது.

ஆகவே தோழர்களே, மாயக்கதை படியுங்கள், சண்டை போடுங்கள். எந்த மந்திரம் எந்தச் சட்டத்தில் வரும் என்பதோடு நிற்காமல் இன்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு யாருக்கு? விசாரணை யாருடைய மொழியில்? குற்றவாளிக்காகப் பேச எழுந்தவர் யார்? டைனோசர் விவகாரத்தில் டிரெஸ்டனுக்காக வாதாட ஆயிரம் ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்தக் கொரியச் சிறுவனுக்காகவும் நாம் நாலு பேர் வாதாடுவோம்.