கிருபை எந்த வாசல் வழியா வந்தது? ஜான் நியூட்டன் கதையில் நாம் தாண்டிப்போற ஒரு பக்கம்

(இது எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னிக்கு எபிசோட் ஒரு பாட்டை எழுதினவரைப் பத்தி. பயப்படாதீங்க, நான் பாடப் போறதில்ல.

'அமேசிங் கிரேஸ்'. சர்ச் பக்கமே போகாதவங்களுக்கும் இந்த டியூன் தெரியும். ஹாலிவுட் படத்துல அடக்கம் பண்ற சீன் வந்தா பேக்பைப்ல இதை வாசிப்பாங்க. எழுதினவர் ஜான் நியூட்டன். இங்கிலாந்துக்காரர், ஆங்கிலிகன் குருவானவர். அதுக்கு முன்னாடி அடிமைக் கப்பல் கேப்டன்.

இவரைப் பத்தி பிரசங்கத்துலயும் வாட்ஸ்அப்லயும் சுத்துற கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கப்பல் நிறைய அடிமைகளை ஏத்திட்டு வர்றார். நடுக்கடல்ல புயல். முழங்கால் போட்டு ஜெபிக்கிறார், மனம் திரும்புறார், கப்பலைத் திருப்பிட்டுப் போய் எல்லாரையும் விடுதலை பண்றார், அப்புறம் உக்காந்து பாட்டு எழுதுறார். கேக்க நல்லா இருக்கு. ஆனா நடந்தது அப்படி இல்ல. நிஜத்துல நடந்தது இதைவிட சங்கடமானது. கிருபைன்னா என்னன்னு அந்தச் சங்கடமான கதைதான் நமக்குச் சொல்லித் தருதுன்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல அந்த வார்த்தை. நம்ம ஊர்ல புராட்டஸ்டன்ட் சபைகள்ல 'கிருபை'ன்னு சொல்வாங்க, கத்தோலிக்கத் திருச்சபையில 'அருள்'னு சொல்வாங்க. ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான். தகுதி பாக்காம கிடைக்கிறது. சம்பாதிக்க முடியாதது. சம்பளம் இல்ல, போனஸும் இல்ல. சரி, தகுதி பாக்காம வருதுன்னா, அது யார் கையில கொடுத்து அனுப்பப்படுது? இந்தக் கேள்வியை மட்டும் மனசுல வச்சுக்கங்க.

தீவுல ஒரு பையன்

நியூட்டன் பிறந்தது 1725ல, லண்டன்ல. அப்பா கப்பல் கேப்டன். பக்தியான அம்மா, பையனுக்கு ஏழு வயசு ஆகுறதுக்குள்ள இறந்துட்டாங்க. பையன் சின்ன வயசுலயே கடலுக்குப் போயிட்டான். 1744ல கடற்படை ஆளுங்க அவரைப் பிடிச்சு ஹார்விச் என்கிற போர்க்கப்பல்ல ஏத்திட்டாங்க. அந்தக் காலத்துல இங்கிலாந்துல அப்படித்தான், ஆள் பத்தலைன்னா தெருவுலயே பிடிச்சிட்டுப் போவாங்க. நியூட்டன் தப்பிச்சு ஓடப் பாத்தார், மாட்டினார், சவுக்கடி வாங்கினார். அடுத்த வருஷம் ஆப்பிரிக்காவுக்குப் போற ஒரு அடிமை வியாபாரக் கப்பலுக்கு மாத்தி அனுப்பிட்டாங்க.

அங்கிருந்து இப்போதைய சியரா லியோன் கரையில இருக்கிற பிளான்டேன் தீவுகளுக்கு வந்து, ஒரு வெள்ளைக்கார அடிமை வியாபாரிகிட்ட வேலைக்குச் சேர்ந்தார். வந்த கொஞ்ச நாள்லயே கடுமையான காய்ச்சல். முதலாளி வெளியூர் போயிருந்த சமயம் அது. அந்த வீட்டை நடத்தின அம்மாவுக்கு இவரைக் கண்டாலே ஆகல. பாய்ல படுத்து, மரக்கட்டையைத் தலைக்கு வச்சு, குடிக்கத் தண்ணி கேட்டாக்கூடக் கிடைக்காம கிடந்தார். பசி தாங்காம ராத்திரியில போய் கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாவே தின்னிருக்கார்.

அப்போ அவருக்குச் சாப்பாடு கொடுத்தது யார்?

அந்தத் தோட்டத்துல சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்த அடிமைகள். கப்பல் ஏத்தி விக்கிறதுக்காகப் பிடிச்சு வச்சிருந்த மனுஷங்க. தங்களுக்குக் கிடைக்கிற கொஞ்சூண்டு சாப்பாட்டுல ஒரு பங்கை எடுத்து, யாருக்கும் தெரியாம இவருக்குக் கொண்டு வந்து கொடுத்திருக்காங்க. தெரிஞ்சா அடி விழும். இதை நான் கற்பனை பண்ணிச் சொல்லல. 1764ல நியூட்டன் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமா வெளியிட்டார், அதுல அவரே எழுதியிருக்கார். ஒண்ணு ரெண்டு வரிதான், அப்புறம் கதை வேற பக்கம் போயிடுது.

கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. இவன் நல்லவன் இல்ல. கப்பல்ல அவ்வளவு ஆபாசமா, தெய்வ நிந்தனையா பேசுவான்னு அவரே எழுதியிருக்கார். தங்களை விக்கிற வியாபாரத்துல கூலிக்கு நிக்கிறவன். இவனால அவங்களுக்குப் பிரயோஜனம் எதுவுமே கிடையாது. அப்படிப்பட்டவனுக்குத் தன் தட்டுல இருந்து எடுத்துக் கொடுக்கிறாங்க. தகுதி பாக்காம கிடைக்கிறதுதான் கிருபைன்னா, நியூட்டன் வாழ்க்கையில அது வந்த இடம் இதுதான். புயலுக்கு மூணு வருஷம் முன்னாடி, சங்கிலியில இருந்த கைகள் வழியா.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரங்க பேர் எதுவும் நமக்குத் தெரியாது. அவங்க கிறிஸ்தவங்களும் இல்ல.

புயலுக்குப் பிறகு

1748 மார்ச்ல புயல் வந்தது உண்மை. கப்பல் பேரு கிரேஹவுண்ட். ஆனா அதுல அடிமைகள் யாரும் இல்ல. தங்கம், யானைத் தந்தம், தேன்மெழுகு, சாய மரம், இதெல்லாம்தான் சரக்கு. நியூட்டன் அதுல வெறும் பயணி. கப்பல் பக்கவாட்டுல உடைஞ்சு தண்ணி உள்ள வந்தது. மணிக்கணக்கா பம்ப் அடிச்சாங்க, அப்புறம் சுக்கானைப் பிடிச்சு நின்னார். அங்கதான் இத்தனை வருஷத்துல முதல் தடவையா கடவுளோட இரக்கத்தைப் பத்தி யோசிச்சாராம். ஏறக்குறைய நாலு வாரம் தத்தளிச்சு அயர்லாந்து கரை சேர்ந்தாங்க. அந்த நாளை அவர் சாகுற வரைக்கும் வருஷா வருஷம் நினைவு வச்சிருந்தார்.

நம்ம சபைகள்ல 'சாட்சி' சொல்லுவாங்க இல்லையா. "இத்தனாம் தேதி ஆண்டவர் என்னைச் சந்திச்சார், அதுக்கு முன்னாடி இப்படி இருந்தேன், இப்போ இப்படி இருக்கேன்"னு. அந்த ஃபார்மேட்ல பாத்தா நியூட்டனோட சாட்சி இங்க முடிஞ்சிருக்கணும்.

முடியல. அதே வருஷமே ஒரு அடிமைக் கப்பல்ல துணை அதிகாரியா வேலைக்குப் போனார். 1750ல இருந்து 1754 வரைக்கும் கேப்டனா மூணு பயணம். ட்யூக் ஆஃப் ஆர்கைல்ல ஒண்ணு, ஆப்பிரிக்கன் என்கிற கப்பல்ல ரெண்டு. ஞாயிற்றுக்கிழமை மேல் தளத்துல மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். மனைவி மேரிக்கு உருகி உருகிக் கடிதம் எழுதினார். அதே நேரம் கீழ்த் தளத்துல சங்கிலியில மனுஷங்க. அவரோட கப்பல் குறிப்பேடு இன்னிக்கும் இருக்கு. செத்துப் போன அடிமைகளை அதுல நம்பர் போட்டு எழுதியிருக்கார். பேர் கிடையாது. சின்னப் பையன்களைக் குற்றத்தை ஒத்துக்க வைக்கிறதுக்குக் கட்டைவிரலை நசுக்கிற திருகு போட்டதையும் பதிவு பண்ணியிருக்கார்.

அவருக்குச் சோறு போட்டவங்களோட ஜனங்கதான் இவங்க.

1754ல கடல் வேலையை விட்டார். மனசாட்சி உறுத்தி விடல. கிளம்புறதுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது திடீர்னு வலிப்பு மாதிரி வந்து விழுந்தார், டாக்டர் போக வேண்டாம்னார், அவ்வளவுதான். அப்புறம் லிவர்பூல் துறைமுகத்துல அரசாங்க வேலை. 1764ல ஓல்னி என்கிற சின்ன ஊருக்குக் குருவானவர். 'அமேசிங் கிரேஸ்' அங்க 1773 ஜனவரி 1 ஆராதனைக்காக எழுதினது, 1779ல அச்சுக்கு வந்தது. இன்னிக்கு நாம பாடுற டியூன் அதோட சேர்ந்தது 1835ல, அமெரிக்காவுல. நியூட்டன் இறந்து 28 வருஷம் கழிச்சு.

அந்தப் பாட்டை எழுதின வருஷத்துலகூட அடிமை வியாபாரத்துக்கு எதிரா அவர் வெளியில வாயைத் திறக்கல. இதையும் சொல்லித்தான் ஆகணும்.

அதே ஊர்ல இன்னொருத்தர்

ஓல்னில நியூட்டனோட நண்பர் வில்லியம் கூப்பர். பெரிய கவிஞர், பாட்டுப் புத்தகத்துலயும் பங்குதாரர். கடுமையான மனச்சோர்வு உள்ளவர், ஓல்னிக்கு வர்றதுக்கு முன்னாடியே தற்கொலை முயற்சி பண்ணி மனநல விடுதியில இருந்தவர். 1773 ஜனவரில, ஆமா, அதே மாசம்தான், திரும்பவும் நொறுங்கிப் போனார். கடவுள் தன்னைக் கைவிட்டுட்டார்னு உறுதியா நம்பினார். நியூட்டன் தன் வீட்டுல ஒரு வருஷத்துக்கு மேல வச்சுப் பாத்துக்கிட்டார். கூப்பர் குணமாகி சாட்சி சொல்லல. 1800ல சாகுற வரைக்கும் தனக்கு மீட்பு இல்லைன்னே நினைச்சார். அவர் எழுதின ஞானப்பாட்டுகள் மத்தவங்களுக்கு ஆறுதலாச்சு, அவருக்கு ஆகல.

கப்பல்ல நம்பர் போட்ட அதே மனுஷன், இந்த நண்பரை மாசக்கணக்குல பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டார். ரெண்டும் ஒரே ஆள்தான். ஒண்ணை வச்சு இன்னொண்ணை அழிச்சிட முடியாது.

ரெண்டாவது சாட்சி

1785 டிசம்பர். நியூட்டன் இப்போ லண்டன்ல குருவானவர், வயசு 60. அவரைப் பாக்க ஒரு 26 வயசு எம்.பி. ரகசியமா வர்றார். வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அரசியலை விட்டுட்டு ஊழியத்துக்கு வந்துடலாமான்னு குழப்பம். நியூட்டன் சொன்ன ஆலோசனை: அங்கேயே இருங்க, பார்லிமென்ட்லயே உங்களுக்கு வேலை இருக்கு. அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடினவர் அந்த எம்.பி.

1788ல நியூட்டன் ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். நான் இதுல பங்கெடுத்தவன், இப்போ நினைச்சா நடுங்குது, இந்த ஒப்புதல் ரொம்ப லேட்டா வருதுன்னு தெளிவா எழுதினார். கப்பல்ல மனுஷங்களை எப்படி அடுக்குவாங்க, பெண்களுக்கு என்ன நடக்கும், எல்லாத்தையும் எழுதினார். அதுக்கப்புறம் அரசாங்க விசாரணையில நேர்ல ஆஜராகி சாட்சி சொன்னார்.

பாருங்க, தமிழ்ல சர்ச்சுல சொல்றதும் சாட்சி, கோர்ட்டுல சொல்றதும் சாட்சி. 1748ல அவருக்குக் கிடைச்சது முதல் வகை. தனக்கு எதிராவே ரெண்டாவது வகை சாட்சி சொல்றதுக்கு அவருக்கு 40 வருஷம் ஆச்சு. கிருபை ஒரே ராத்திரியில இன்ஸ்டால் ஆகிற அப்டேட் மாதிரி அவர்கிட்ட வேலை செய்யல. சகேயு கதையை நினைச்சுப் பாருங்க. இயேசு வீட்டுக்கு வந்த அன்னிக்கே சொத்துல பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாத்தினதை நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னு எழுந்து நின்னார். நியூட்டனால அந்த வேகத்துக்கு வர முடியல.

இங்க ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். "கடவுள் மன்னிச்சுட்டார்னு நீங்க பாட்டு பாடுறீங்க. கடல்ல தூக்கிப் போடப்பட்டவங்ககிட்ட யாராவது கேட்டீங்களா?" எனக்கும் இதுக்குச் சுலபமான பதில் இல்ல. பதில் சொல்ற உரிமை பாதிக்கப்பட்டவங்களுக்குத்தான் முதல்ல இருக்கு. அவங்கள்ல சிலர் பேசியும் இருக்காங்க. அடிமையா இருந்து மீண்ட ஒட்டோபா குகோவானோ 1787லயே, நியூட்டனுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, இந்த வியாபாரம் முழுக்க ஒழியணும்னு புத்தகம் எழுதினார். காசு சேத்துத் தன்னைத் தானே விலை கொடுத்து மீட்ட ஒலாடா எக்குவியானோ 1789ல தன் வாழ்க்கையை எழுதினார். ரெண்டு பேரும் கிறிஸ்தவங்க. தங்களை வித்தவங்களோட வேதத்தை வச்சே அவங்களைக் கேள்வி கேட்டவங்க. நியூட்டனைப் படிக்கிறவங்க இவங்களையும் சேர்த்துப் படிக்கணும்.

அப்போ நியூட்டன் கதையில கிருபையே இல்லையா? இருக்குன்னுதான் நான் சொல்வேன். கிருபை அவரைச் சுத்தமான ஆளா ஆக்கிச் சர்டிஃபிகேட் கொடுக்கல. பொய் சொல்லித் தப்பிக்க முடியாத இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துட்டு வந்தது. வயசான காலத்துல, நல்ல பேர் இருக்கிற குருவானவர், தானே போய்த் தன் பேரைக் கெடுத்துக்கிட்டார். அது மேல இருந்து வந்ததுன்னு நம்புறேன்.

இதை அந்த ஊர்க் கதைன்னு விட்டுட முடியாது. தமிழ்நாட்டுல கிருபையைப் பத்தி உருக்கமா பாடுற சபைகளுக்கும் சாதி வாரியா கல்லறைத் தோட்டம் உண்டு, நடுவுல சுவர் உண்டு. மேல் தளத்துல ஆராதனை, கீழ்த் தளத்துல சங்கிலி. பாட்டு உண்மையாவே இருக்கலாம், பாடுறவருக்குக் கண்ணு இன்னும் திறக்காமலும் இருக்கலாம்.

அதனால ரெண்டு விஷயம். ஒருத்தர் முழுசா திருந்தின அப்புறம்தான் அவர்கிட்ட கிருபையைப் பாப்பேன்னு காத்திருந்தா, யார்கிட்டயும் பாக்க முடியாது. அதே சமயம், திருந்தின பாவியை மட்டும் மேடையில ஏத்திக் கைதட்டிட்டு, அவர் பசியில கிடந்தப்போ சாப்பாடு கொடுத்தவங்களை மறந்துட்டா பாதிக் கதைதான் சொல்றோம்.

1807 மார்ச்ல பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை பண்ணிச் சட்டம் போட்டது. அடிமைத்தனமே ஒழியறதுக்கு இன்னும் பல வருஷம் ஆச்சு. நியூட்டன் அதே வருஷம் டிசம்பர்ல, 82 வயசுல, ஏறக்குறைய பார்வை போன நிலையில இறந்தார்.

அடுத்த தடவை அந்தப் பாட்டைக் கேக்கும்போது பிளான்டேன் தீவுல ராத்திரி இருட்டுல சாப்பாடு எடுத்துட்டு வந்தவங்களை ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க. உங்களுக்கு அப்படி எதிர்பாராத கை ஒண்ணு நீண்டிருந்தா எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன். ஒத்துக்க முடியாதவங்களும் எழுதுங்க, அதையும் வாசிக்கிறேன்.