பூட்டிய பெருக்கெண்



திண்டுக்கல் என்றதும் வெளியூரார்க்கு நினைவு வருவன இரண்டு. மலைக்கோட்டை ஒன்று, பூட்டு மற்றொன்று. பிரியாணியையும் சேர்த்து மூன்று என்பீர்கள். அதைப் பற்றிப் பேச வானொலி நிலையத்தார் என்னை அழைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். உரிய சாவி ஒவ்வொரு தகட்டையும் உரிய உயரத்திற்குத் தூக்கினால் அன்றிப் பூட்டு திறவாது. இன்று நான் சொல்லப் போவதும் ஒரு பூட்டைப் பற்றித்தான். ஆனால் அது எங்கள் ஊர்ப் பட்டறையில் செய்யப்பட்டதன்று. அதற்குச் சாவித் துவாரமும் இல்லை. கணிப்பொறியின் செயலி என்னும் சிறு சில்லுக்குள் அது மறைந்திருக்கிறது.

செயலி ஒரு தாளத்திற்கு ஏற்ப வேலை செய்யும் பொறி. 300 மெகாஹெர்ட்ஸ் வேகமுடையது என்றால், நொடிக்கு 30 கோடித் துடிப்புக்கள் என்று பொருள். ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையே உள்ள காலத்தில் ஒளி செல்லும் தொலைவு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளிக்கே அந்த இடைவெளியில் உங்கள் மேசையின் நீளந்தான் கிட்டுகிறது! அந்தச் சிறு பொழுதிற்குள் சில்லின் உள்ளே இருக்கும் நுண்ணிய மின்விசைகள் யாவும் திறந்து மூடி, அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாக நிற்கவேண்டும்.

இந்தத் தாளத்தைச் செயலி தானே போட்டுக்கொள்வதில்லை. தாய்ப்பலகையில் ஒரு படிகமும், அதைச் சார்ந்த ஒரு தாளச் சில்லும் உண்டு. அடிப்படைத் துடிப்பை அளிப்பது அது. செயலி அத்துடிப்பை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. கச்சேரியில் ஒருவர் கையால் தாளம் போட, மிருதங்கக்காரர் அதே தாளத்திற்குள் இரண்டு தட்டுக்கு ஒன்பது அடி அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பெருக்கெண் நாலரை. தாளம் 66.6 மெகாஹெர்ட்ஸ் ஆயின், 66.6ஐ 4.5ஆல் பெருக்க, 300 வருகிறது. வேகத்தைக் கூட்ட இரு வழிகளே உண்டு: பெருக்கெண்ணை மாற்றலாம்; அல்லது தாளத்தை விரைவுபடுத்தலாம்.

1998ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செயலிகளுள் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, ஏழைக்கேற்ற செலரான் 300 ஏ. விலை 149 டாலர். மற்றொன்று, செல்வர்க்குரிய பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ். விலை 669 டாலர். இரண்டிற்கும் பெருக்கெண் நாலரையே. ஒன்றுக்குத் தாளம் 66, மற்றொன்றுக்கு 100. வேறுபாடு வேறும் உண்டு: உயர்ந்த செயலிக்குத் துணையாக 512 கிலோபைட் இடைநினைவகம் இருந்தது, ஆனால் அது செயலியின் பாதி வேகத்தில்தான் ஓடிற்று. செலரானுக்கு 128 கிலோபைட்டே. ஆயினும் அது செயலியோடு ஒரே சில்லில் அமர்ந்து முழு வேகத்தில் ஓடிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த முதல் செலரானுக்கு இந்த இடைநினைவகமே கிடையாது. உலகம் அதைப் பார்த்து நகைத்தது. நகைத்தவர்களே 300 ஏ வந்தபின் அதை வாங்க வரிசையில் நின்றார்கள். காரணம், தாளத்தை 100க்கு உயர்த்தினால், இந்த மலிவுச் செயலிகளுட் பல 450இல் யாதொரு தடையுமின்றி ஓடின!

இது எப்படி இயலும் என்று கேட்பீர்கள். ஒரே சூளையில் வெந்த செங்கற்களை நினைத்துக்கொள்ளுங்கள். சில நன்றாக வெந்திருக்கும். சில அரைவேக்காடாக இருக்கும். செயலிகளும் ஒரே வட்டத் தகட்டில் நூற்றுக்கணக்கில் ஒருங்கே வார்க்கப்படுபவை. அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். சூளை பழகிவிட்டால் பெரும்பாலான கற்கள் நன்றாகவே வெந்துவிடும். ஆனால் சந்தையிலோ மலிவான கல்லுக்கே தேவை மிகுதி. அப்போது நல்ல கல்லின் மேலும் மலிவுக் கல்லின் முத்திரை விழுகிறது. அம்முத்திரையை நம்பாமல் கல்லைத் தட்டிப் பார்ப்பதே மிகைவேகம் ஏற்றும் கலை.

இனி, பூட்டுக்கு வருவோம். மெதுவான செயலியை வாங்கி, அதன்மேல் அச்சிட்ட எண்ணை அழித்து, விரைவானது என்று விற்ற வஞ்சகர்கள் அந்நாட்களில் இருந்தார்கள். அவர்களைத் தடுக்கவே பெருக்கெண்ணைச் சில்லுக்குள் நிலைப்படுத்திப் பூட்டினோம் என்றது நிறுவனம். அது உண்மையே. ஆயினும் 149 டாலர்ப் பொருள் 669 டாலர்ப் பொருளின் வேலையைச் செய்யாதிருப்பதில் நிறுவனத்துக்கும் நலமுண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால், நான் உங்களுக்கு முழுக் கணக்கும் சொன்னவனாக மாட்டேன்.

பெருக்கெண் பூட்டியாயிற்று. எஞ்சியது தாளம். உதிரியாக விற்ற தாய்ப்பலகைகளில் தாளத்தை மாற்றச் சிறு செருகிகளோ, பயாஸ் என்னும் தொடக்கத் திரையில் ஓர் இடமோ இருந்தன. பெயர்பெற்ற நிறுவனங்கள் முழுதாகக் கூட்டி விற்ற கணிப்பொறிகளில் அவ்வசதி பெரும்பாலும் இராது. திரையைத் திறந்தால் நாளும் மணியும் மாற்றலாம், எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்று சொல்லலாம், அவ்வளவே. வாங்கியவர் எதையேனும் தொட்டுக் கெடுத்துக்கொண்டு பழுதுபார்க்கக் கொண்டுவரக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். குறை சொல்வதற்கில்லை, ஆனால் வீட்டை விற்றவர் ஓர் அறையின் சாவியைத் தாமே வைத்துக்கொண்டது போன்றது அது.

2001ஆம் ஆண்டில் நான் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பின் வகுப்பாசிரியன், கணக்காசிரியனுங்கூட. பழைய மாணவர் ஒருவர் தாம் பயன்படுத்திய கணிப்பொறியைப் பள்ளிக்குக் கொடையாக அளித்தார். பெயர்பெற்ற நிறுவனப் பெட்டி. உள்ளே செலரான் 300 ஏ. அப்பள்ளியில் படித்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்த மாணவன் ஒருவன், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன், மாலை வேளைகளில் வந்து அதைக் கவனித்துக்கொள்வான். மதிப்பெண்களைக் கூட்டித் தேர்ச்சிப் பட்டியல் அச்சிடப் பேசிக் மொழியில் ஒரு நிரலும் எழுதித் தந்திருந்தான். ஜனவரியில் ஒருநாள், “சார், இதை ஒண்ணரை மடங்கு வேகமா ஓட்டலாம். பத்துக் காசு செலவில்லை” என்றான்.

அவன் செய்தது இதுதான். அந்தச் செயலி ஒரு சிறு பலகையில் ஏறி, நீண்ட துளையில் செருகப்பட்டிருக்கும். அதன் ஓரத்தில் 242 செப்புத் தொடுமுனைகள். பி வரிசையில் 21ஆவது முனை, ‘எனக்கு எந்தத் தாளம் வேண்டும்’ என்று தாய்ப்பலகைக்குச் சொல்லும் முனை. அது தரைமின்னோடு இணைந்திருந்தால் 66; இணையாது நின்றால் 100. மாணவன் அந்த ஒரு முனையின்மேல் நூலிழை அகலத்தில் ஒட்டுத்தாள் ஒட்டினான். மீண்டும் செருகி விசையைப் போட்டதும் திரையில் 450 என்று வந்தது. சாவி இல்லாமலே பூட்டைத் திறந்துவிட்டான்! தாய்ப்பலகையின் துணைச் சில்லு 100ஐத் தாங்கும் இனமாக இருந்தது எங்கள் நல்வினை. 66க்கு மேல் அறியாத துணைச் சில்லாயின் இத்தந்திரம் பலித்திராது.

மூன்று மாதம் யாதொரு குறையுமில்லை. ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிந்தது. சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட எங்கள் சமவெளியின் கோடை உங்களுட் சிலர் அறிந்ததே. நண்பகலில் ஓட்டுக் கூரையின் கீழ் அமர்ந்து பட்டியலை அச்சிட்டோம். நான் கையெழுத்திட்டேன். பலகையில் ஒட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு தந்தை தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். “சார், பாப்பா படிச்சது போதுங்க. டி.சி. கொடுத்திருங்க, மில்லுல சேத்துவிடுறேன்” என்றார். நூற்பாலைகள் நிறைந்த ஊர். அவர் சொன்னதில் வியப்பில்லை. அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. பட்டியலில் அவளுக்குக் கணக்கில் 9. சான்றிதழுக்காகப் பதிவேட்டைத் திறந்தேன். என் கையெழுத்தில் 41 என்று இருந்தது. 35 எடுத்தால் தேர்ச்சி.

41 எப்படி 9 ஆயிற்று? மாணவர்களே, இதை இரண்டடி எண்ணில் எழுதிப் பாருங்கள். 41 என்பது 32உம் 8உம் 1உம் சேர்ந்தது, 101001. முதலில் நிற்கும் ஒன்று சுழியானால் 001001, அதாவது 9. நினைவகத்தில் ஒரே ஓர் இலக்கம் பிழைத்துவிட்டது. கணிப்பொறி நின்றுவிடவில்லை, எச்சரிக்கவும் இல்லை. தவறான விடையைச் சரியான விடைக்குரிய நிதானத்துடன் அச்சிட்டுத் தந்தது. அச்சிட்டதைப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் கையெழுத்திட்டவன் நான். அந்தப் பிழையைப் பொறியின் தலையில் ஏற்ற எனக்கு உரிமையில்லை. அன்றே பட்டியலைக் கிழித்துவிட்டு, நாற்பது பெயர்களையும் கையால் எழுதி ஒட்டினேன். அந்தப் பெண் பத்தாம் வகுப்புக்குப் போனாள்.

மாணவன் வந்தான். முகம் வாடியிருந்தது. “தாளை எடுத்துடுறேன் சார்” என்றான். “எடுப்பது எளிது தம்பி, எது பிழைத்தது என்று முதலில் காண்போம்” என்றேன். மெர்சென் பகா எண்களைத் தேடுவோர்க்காக எழுதப்பட்ட பிரைம் 95 என்னும் நிரலை ஒரு பிளாப்பியில் கொண்டுவந்தான். அது மிகப் பெரிய எண்களை ஓயாமல் பெருக்கி, முன்பே அறிந்த விடைகளோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்; ஓர் இலக்கம் பிசகினாலும் நின்றுவிடும். 66 தாளத்தில் ஒரு பகல் முழுதும் ஓடிற்று, பிழையில்லை. 100 தாளத்தில் இரவெல்லாம் ஓடிற்று, பிழையில்லை. ஆனால் மறுநாள் பகல் பன்னிரண்டு மணியளவில் நின்றுவிட்டது. செயலி வெப்பம் தாங்கவில்லை என்றே இருவரும் எண்ணினோம். அவன் பிறகு நினைவகத் தகட்டைக் கழற்றிப் பார்த்தான். அது 66க்கென்று தரம் குறிக்கப்பட்டது. தாளத்தைக் கூட்டினால் செயலி மட்டும் விரைவதில்லை. நினைவகமும் கூடவே இழுக்கப்படுகிறது அன்றோ? குளிர்ந்த வேளையில் அது எப்படியோ ஈடுகொடுத்தது. வெயில் ஏறியதும் தடுமாறிற்று. 100க்கென்று தரம் குறித்த தகடு ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தினோம். இரண்டு நண்பகல்களைத் தாண்டியும் பிழை வரவில்லை. மலிவுச் செயலி குற்றமற்றது!

வெப்பத்தைப் பற்றி ஒரு கணக்குத் தருகிறேன். செயலி உண்ணும் மின்திறன் துடிப்பின் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் பெருகும். 300ஐ 450 ஆக்கினால் வெப்பம் ஒன்றரை மடங்கு. அத்துடன் 2 வோல்ட்டை 2.2 ஆக்கினால், 1.1இன் இருமடியாகிய 1.21ஆல் மேலும் பெருக்கவேண்டும், 1.8 மடங்குக்குச் சற்று மேல். இந்தப் பெருக்கத்தில் மிகக் கொடியது மின்னழுத்தமே. எங்கள் தாய்ப்பலகையில் அதைத் தொட வழியில்லாதிருந்தது நல்லதாயிற்று.

இன்றைய நிலை என்ன? இன்டெல் செயலிகளில் பெயரின் ஈற்றில் கே என்ற எழுத்துடையவற்றில்தான் பெரும்பாலும் பெருக்கெண் திறந்திருக்கும். அதற்கும் இசட் வரிசைத் துணைச் சில்லுடைய தாய்ப்பலகை வேண்டும். அலுவலகங்களுக்கென விற்கும் பெயர்பெற்ற கணிப்பொறிகளில் அதைக் காண்பது அரிது. 2014இல் பென்டியம் பெயரின் இருபதாண்டு நிறைவுக்காக ஜி 3258 என்னும் மலிவுச் செயலியைப் பூட்டில்லாமல் விட்டார்கள். ஏழை மாணவர்க்கு அது ஒரு திருவிழா. 2015இன் இறுதியில் வேறு மலிவுச் செயலிகளுக்கும் தாளத்தை உயர்த்த ஒரு சந்து கண்டுபிடிக்கப்பட்டது. 2016இன் தொடக்கத்திலேயே நிறுவனம் அதை அடைத்துவிட்டது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் செயலிகளுட் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டில்லை. ஆனால் ஏ 320 போன்ற மலிவான துணைச் சில்லுடைய பலகை இடந்தராது. பூட்டு செயலியில் இல்லாவிட்டால் பலகையில் இருக்கும் என்று கொள்ளுங்கள்.

மற்றொரு மாறுதலும் நேர்ந்திருக்கிறது. இக்காலச் செயலி தன் வெப்பத்தைத் தானே அளந்து, இடமிருந்தால் வேகத்தைத் தானே ஏற்றிக்கொள்கிறது. சூடு மிகுந்தால் தானே இறக்கிக்கொள்கிறது. 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளுள் ஒன்று உங்கள் வீட்டில் அண்ணனோ அக்காளோ விட்டுச்சென்றதாக இருக்கலாம். அது மந்தமாக ஓடினால் பூட்டை உடைக்க விரையாதீர்கள். விவரம் அறிந்த ஒருவரைக் கொண்டு பின்மூடியைக் கழற்றுங்கள். விசிறியின் வாயில் பஞ்சும் தூசும் திரண்டு கிடக்கும். எங்கள் நூற்பாலை ஊரில் சொல்லவே வேண்டா. அதை அகற்றி, செயலிக்கும் வெப்பந்தாங்கும் தகட்டுக்கும் இடையே உலர்ந்துபோன பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினால், இழந்த வேகம் பெரும்பாலும் திரும்பிவிடும்.

அதன் பின்னும் தாளத்தைக் கூட்டிப் பார்க்க ஆசையிருந்தால், பாருங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோப்புக்களைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். சோதனையை மார்கழி இரவில் நடத்தாமல், சித்திரை மாதத்து நண்பகலில் நடத்துங்கள். எங்கள் கணிப்பொறி அந்த ஒட்டுத்தாளோடும் புதிய நினைவகத் தகட்டோடும் இன்னும் சில ஆண்டுகள் 450இலேயே ஓடிற்று. தேர்ச்சிப் பட்டியல் அச்சிட்ட நாட்களில் மட்டும், ஓர் ஆசிரியர் பதிவேட்டை உரக்கப் படிக்க, மற்றோர் ஆசிரியர் அச்சுத்தாளில் ஒவ்வோர் எண்ணாகக் குறியிட்டுக்கொண்டே வருவார். நாற்பது பேருக்கு இருபது நிமிடம் ஆகும்.