பாட்டோடு வந்த செய்தி
(தலவாக்கலையில் ஆற்றிய உரை)



அரசியற் செய்தியையும் இசையையும் கலந்து தரும் நிகழ்ச்சிகளை மக்கள் விரும்பிப் பார்க்கின்றனர். பாட்டில் மயங்குவோர் சிந்திப்பரோ என நகைக்கும் கற்றோரும் உளர். நகைக்கட்டும்! மலையகம் கண்டது வேறு.

1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யர், பத்திரிகையும் நடத்தியவர். ஆயினும், பகலெல்லாம் கொழுந்தெடுத்து லயத்தில் முடங்கிய, எழுத்தறியும் வாய்ப்பற்ற தாய்மாருக்கு அச்செழுத்தால் ஆவதென்ன? அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிலே பாடினார். தொழிலாளர் படும் பாடும், மறுக்கப்பட்ட உரிமையும் பாட்டாயின. 1940இல் நூலாகவும் வந்தன. பேச்சிலே பாதி வீடு சேருமுன் மறந்துபோகும். பாட்டோ, மறுநாள் நிரையிலும் நாவில் நிற்கும். தாளைப் பறிக்கலாம், கூட்டத்தைக் கலைக்கலாம். வாயிலுள்ள பாட்டை எந்தக் கங்காணி பறிப்பான்?

மயங்கிய மக்களா அவர்கள்? 1936இல் அட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று. 1947இல் இத்தலவாக்கலை, கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. பின்னர் வாக்கும் போயிற்று. வேலுப்பிள்ளையோ மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார்.

உங்கள் பாட்டிமார் நாவில் அக்காலப் பாட்டொன்று மிஞ்சியிருப்பின், இன்றிரவே கேட்டு எழுதி வையுங்கள்.